ஈரான் மேல் மறுபடியும் ஐ.நா. தடை: அணுகுண்டு நிற்குமா, இல்லை மணலிக்கும் மண்ணடிக்கும்தான் தலைவலியா?

மணலி_செந்தில் (5 அக்டோபர் 2025):

போன வாரம் ஐ.நா. தடைகள் ஈரான் மேல் திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டன. டிவியில் ஒரு கோஷ்டி "இனி ஈரான் வழிக்கு வந்துவிடும்" என்கிறது, இன்னொரு கோஷ்டி "எல்லாம் வெத்து வேட்டு" என்கிறது. எனக்கு இரண்டுமே ஒத்துவரவில்லை.

நான் மணலிக்காரன். எங்கள் ஊர் சுத்திகரிப்பு ஆலையை 1965இல் கம்பெனியாகப் பதிவு செய்தபோது நம் அரசுக்கு 74 சதவீதம், அமெரிக்காவின் அமோகோவுக்கு 13, ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனத்துக்கு 13. அமெரிக்காவும் ஈரானும் ஒரே பங்குதாரர் பட்டியலில்! இன்றைக்குச் சொன்னால் யார் நம்புவார்கள். அமோகோ 1985இல் விலகிக்கொண்டது. ஈரான் தரப்பு போகவில்லை, நாஃப்டிரான் இன்டர்டிரேட் என்ற பெயரில் சுமார் 15 சதவீதம் அந்த ஆலையின் இன்றைய கம்பெனியான சி.பி.சி.எல்.லில் அப்படியே கிடக்கிறது. ஆனால் 2019 மே மாதத்தோடு இந்தியா ஈரானிடம் கச்சா எண்ணெய் வாங்குவதை நிறுத்திவிட்டது. பங்கு இருக்கிறது, எண்ணெய் இல்லை.

கேள்வி இதுதான். தடை போட்டு, பேச்சுவார்த்தை நடத்தி, ஒரு நாட்டின் அணுகுண்டு ஆசையை உண்மையிலேயே அடக்க முடியுமா? மதச் சண்டை, கட்சிச் சண்டை வேண்டாம், விஷயம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

வேளச்சேரி_வெட்டிப்பேச்சு:

முடியும் சார், கண்ணெதிரே நடந்ததுதானே. 2012 மார்ச்சில் ஈரான் வங்கிகளை ஸ்விஃப்ட் என்ற சர்வதேச வங்கித் தகவல் வலையிலிருந்து வெட்டினார்கள், ஜூலையில் ஐரோப்பா எண்ணெயை நிறுத்தியது, நாளுக்கு 25 லட்சம் பீப்பாய் ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு அடுத்த வருடமே அதில் பாதிக்கு இறங்கிவிட்டது. 2013 அதிபர் தேர்தலில் தடையிலிருந்து மீட்கிறேன் என்று பேசிய ரூஹானி ஜெயித்தார். நவம்பரில் ஜெனீவாவில் இடைக்கால உடன்பாடு, 2015 ஜூலை 14 வியன்னாவில் முழு ஒப்பந்தம். செறிவூட்டல், அதாவது யுரேனியத்தில் அணுசக்திக்கு உதவும் வகையின் பங்கைக் கூட்டுவது, 3.67 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, கையிருப்பு 300 கிலோ, நத்தன்ஸ் ஆலையில் செறிவூட்டும் சுழல் மெஷினான சென்ட்ரிஃப்யூஜ் 5,060தான் ஓடலாம், ஃபோர்டோ நிலத்தடி ஆலையில் 15 வருடத்துக்கு யுரேனியம் பக்கமே போகக் கூடாது, அராக் உலையின் நடுப்பாகத்தில் கான்கிரீட் ஊற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். வயிற்றில் அடித்தார்கள், வழிக்கு வந்தார்கள், அவ்வளவுதான்.

சதுரங்கப்பட்டினம்:

தம்பி வேளச்சேரி, பாதிக் கதையைத்தான் சொல்கிறீர்கள். 2003 வாக்கில் ஈரானிடம் இருந்த சென்ட்ரிஃப்யூஜ் நூற்றுச் சொச்சம். ஐ.நா. தடைகள் 2006 கடைசியில் ஆரம்பித்து வரிசையாக இறுகின. 2013இல் எண்ணிக்கை ஏறக்குறைய 19,000. நடுவில் 2010இல் 20 சதவீதச் செறிவூட்டலும் தொடங்கிவிட்டார்கள். தடை ஏற ஏற மெஷினும் ஏறியது. இதை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்?

பேச்சு எப்போது நகர்ந்தது என்று பாருங்கள். ஓமனில் ரகசியமாக உட்கார்ந்து பேசியபோது, "ஒரு மெஷின்கூடச் சுழலக் கூடாது" என்ற பிடிவாதத்தை அமெரிக்கா விட்டுக்கொடுத்தது. தடை அவர்களை மேஜைக்கு இழுத்துவந்திருக்கலாம், மறுக்கவில்லை. கையெழுத்து விழுந்தது இந்த விட்டுக்கொடுப்புக்கு அப்புறம்தான்.

இன்னொன்று. நான் கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், தடையை வாங்கும் பக்கத்திலிருந்து பார்த்தவன். 1974இல் பொக்ரான் வெடித்ததும் கனடா கையைக் கழுவிவிட்டது. ராஜஸ்தான் இரண்டாவது உலையை நாமே முக்கி முனகி முடித்தோம், கல்பாக்கம் முதல் உலை 1983 ஜூலையில் ஓடியது. பக்கத்தில் இருக்கும் சோதனை ஈனுலை (ஓடும்போதே புது எரிபொருளும் உண்டாக்கும் வகை) பிரான்ஸின் ராப்சோடி உலையைப் பார்த்துக் கட்டியது. அதற்கு அதிகம் செறிவூட்டிய யுரேனியம் வெளியிலிருந்து வர வேண்டும். வரவில்லை. என்ன செய்வது? கையிலிருந்த புளூட்டோனியத்தை வைத்து, புளூட்டோனியமும் யுரேனியமும் கலந்த கார்பைடு எரிபொருளைப் பிடித்தார்கள். அந்தக் கார்பைடு காற்று பட்டால் தீப்பிடிக்கும் ஜாதி, ஈரப்பதமும் ஆகாது. மந்த வாயு நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் ரப்பர் கையுறையை விட்டு வில்லை வில்லையாகச் செய்ய வேண்டும். 1985 அக்டோபரில் உலை ஓடியது. பொருளைத் தராவிட்டால் ஆசை போய்விடும் என்று நினைத்தவர்களுக்கு அதுதான் பதில்.

நுங்கம்பாக்கம்_நூலகவாசி:

சதுரங்கப்பட்டினம் சார், உங்கள் மேல் மரியாதை உண்டு, ஆனால் இந்தியாவையும் ஈரானையும் ஒரே தராசில் வைக்க முடியாது. நாம் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடவில்லை. ஈரான் 1968இல் போட்டது, 1970இல் உறுதி செய்தது. போட்டுவிட்டு நத்தன்ஸையும் அராக்கையும் சொல்லாமல் கட்டி, 2002 ஆகஸ்டில் வெளியே வந்து மாட்டிக்கொண்டது. கல்யாணமே ஆகாதவனையும் கட்டின மனைவிக்குத் தெரியாமல் இன்னொரு குடும்பம் வைத்தவனையும் ஒன்றாக வைத்துப் பஞ்சாயத்து பேச முடியாது.

அப்புறம், "நாமே செய்துகொண்டோம்" என்ற பெருமைக்கு நாம் கொடுத்த விலையையும் சொல்லுங்கள். 2008க்கு முந்தைய வருடங்களில் யுரேனியம் போதாமல் நம் உலைகள் கிட்டத்தட்ட பாதித் திறனில் ஓடின. பணம் இருந்தாலும் விற்க ஆள் இல்லை, காரணம் நம் 1974 சோதனையைப் பார்த்துத் தொடங்கிய அணுசக்தி வழங்கு நாடுகள் குழு. அதே குழு 2008 செப்டம்பர் 6ஆம் தேதி விலக்கு கொடுத்த பிறகுதான் வெளிநாட்டு யுரேனியம் தாராளமாக வர ஆரம்பித்தது.

சதுரங்கப்பட்டினம்:

அதைச் சொல்லத்தான் வந்தேன், நீங்களே எடுத்துக்கொடுத்துவிட்டீர்கள். 34 வருடம் கதவை அடைத்து வைத்திருந்தும், நாமே சொந்தமாக வடிவமைத்துக் கட்டிய உலைகளை அவர்களால் ஆய்வுக்குள் கொண்டுவர முடியவில்லை. 2005இல் அமெரிக்கா பேச ஆரம்பித்து, "இதைத் திறந்து காட்டு, அதைத் தருகிறோம்" என்று விவரமாக எழுதியதும் ஏற்கெனவே ஆய்வில் இருந்தவற்றையும் சேர்த்து 14 உலைகளை நாமே சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வுக்குக் கொடுத்தோம். எங்கள் கல்பாக்கம் உலைகளைக் கொடுக்கவில்லை, அது வேறு கதை. பேரத்தில் இரண்டு பக்கமும் கையில் பொருளோடு உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, அதே 2005 செப்டம்பரில் முகமையின் கூட்டத்தில் ஈரானுக்கு எதிராக ஓட்டுப் போட்டவர்களில் நாமும் இருந்தோம்.

வேளச்சேரி_வெட்டிப்பேச்சு:

சார், நமக்குக் கதவு திறந்ததற்குக் காரணம் நாம் பெரிய சந்தை, சீனாவுக்கு எதிரே நிறுத்த ஆள் தேவை. 1998 குண்டுக்குப் போட்ட தடையில் பெரும்பகுதியை 2001 செப்டம்பரிலேயே எடுத்துவிட்டார்கள். நாம் ஒன்றும் விட்டுக்கொடுத்து அல்ல. இதில் தர்ம நியாயம் எங்கே வந்தது?

மணலி_செந்தில்:

தர்ம நியாயம் யாரும் பேசவில்லை நண்பா :) எது வேலை செய்தது என்றுதான் கேட்கிறோம்.

யாராவது தடை தானாகத் திரும்பி வரும் இந்த "ஸ்னாப்பேக்" என்பதை எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்களேன். ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ வைத்திருக்கும் இடத்தில் தடை எப்படித் திரும்பி வந்தது?

நுங்கம்பாக்கம்_நூலகவாசி:

2015இல் எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள். ஒப்பந்தத்தோடு வந்த ஐ.நா. தீர்மானம் 2231இல் ஒரு ஏற்பாடு. ஒப்பந்தத்தில் உள்ள ஒரு நாடு "ஈரான் மீறிவிட்டது" என்று கடிதம் கொடுத்தால் 30 நாள் கெடு ஆரம்பிக்கும். அந்த 30 நாளில் பாதுகாப்பு சபை "தடை விலக்கு தொடரட்டும்" என்று தீர்மானம் போட வேண்டும். போடாவிட்டால் பழைய ஆறு தீர்மானங்களும் தானாக உயிர்பெறும். அதாவது ஓட்டு எடுப்பது விலக்கைத் தொடர்வதற்கு. அதை யார் வேண்டுமானாலும் வீட்டோவில் அடிக்கலாம், தடை வருவதை யாராலும் அடிக்க முடியாது.

பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி மூன்றும் ஆகஸ்ட் 28 அன்று கடிதம் கொடுத்தன, செப்டம்பர் 27 நள்ளிரவோடு கெடு முடிந்தது. ஏன் இந்த அவசரம் என்றால் 2231இன் ஆயுள் அக்டோபர் 18 வரைதான், அதற்கு அப்புறம் இந்த வழியே இருக்காது. ரஷ்யாவும் சீனாவும் "இது செல்லாது" என்கின்றன. ஈரான் எண்ணெயை அதிகம் வாங்குவது சீனாவின் சின்னச் சின்ன சுத்திகரிப்பு ஆலைகள். அவர்கள் மதிக்காவிட்டால் இந்தத் தடையில் எவ்வளவு பல் இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மண்ணடி_மரைக்காயர்:

அரசியல் பெரிய ஆட்கள் பேசட்டும். நான் பேரீச்சை வியாபாரி. ஈரானில் பாம் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து கறுப்பாக, மெத்தென்று, வாயில் வைத்தால் கரைகிற ஒரு ரகம் வரும். நோன்புக்கு அதற்குத் தனிக் கிராக்கி. சாப்பாட்டுப் பொருளுக்குத் தடை கிடையாது என்று சட்டத்தில் இருக்கிறதாம். சரி, யாருக்குப் பணம் அனுப்புவது, எந்த வங்கி வழியாக? துபாய்க்காரர் மூலமாகத்தான் வாங்க வேண்டியிருக்கிறது, அவர் தன் பங்கை வைத்துத்தான் விற்பார், அது உங்கள் பாக்கெட்டிலிருந்து வருகிறது.

அதோடு போனால் பரவாயில்லை. ஒருமுறை துபாயிலிருந்து எனக்கு வர வேண்டிய பணம் நடுவில் ஒரு வங்கியில் நின்றுவிட்டது. விசாரித்தால் என் பெயர் ஏதோ அமெரிக்கப் பட்டியலில் இருக்கும் ஆள் பெயரோடு ஒத்துப்போகிறதாம். பாஸ்போர்ட் நகல் கொடு, பிறந்த தேதி கொடு, தகப்பனார் பெயர் கொடு. எங்கள் தெருவில் அந்தப் பெயரில் நாலு பேர் இருக்கிறோம். வாப்பா ஆசையாக வைத்த பெயர், அதை மாற்றவா முடியும்?

எல்சி_லதா:

பாய், உங்கள் கோப்பு என் மேஜைக்கு வந்திருந்தாலும் நானும் அதையேதான் கேட்டிருப்பேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ராஜாஜி சாலையில் ஒரு வங்கியின் வெளிநாட்டு வர்த்தகப் பிரிவில் ரொம்ப காலம் இருந்தேன். தடை என்பது உண்மையில் எங்கே நடக்கிறது என்று சொல்கிறேன்.

ஒரு எல்.சி.க்கு, அதாவது வாங்குபவர் சார்பில் வங்கி கொடுக்கும் பண உறுதிக்கு, டாக்குமெண்ட் செட் வரும். இன்வாய்ஸ், பி.எல். என்ற கப்பல் சரக்கு ரசீது, பேக்கிங் லிஸ்ட், பொருள் எந்த நாட்டில் விளைந்தது என்ற சான்றிதழ். அதில் உள்ள ஒவ்வொரு பெயரையும் சிஸ்டத்தில் போட வேண்டும்: வாங்குபவர், விற்பவர், கப்பல் கம்பெனி, கப்பல், புறப்பட்ட துறைமுகம், நடுவில் மாற்றிய துறைமுகம். கப்பல் பெயரை மட்டும் நம்பக் கூடாது, பெயின்ட் அடித்துப் பெயரை மாற்றிவிடுவார்கள். ஐ.எம்.ஓ. எண் என்று ஏழு இலக்கம் இருக்கும், அது கப்பல் உடைகிற வரைக்கும் மாறாது, அதைத்தான் தேடுவோம். சரக்கு துபாயின் ஜெபல் அலியில் ஏறியதாகப் பி.எல். சொல்லும், கப்பலின் பயண வரலாற்றைப் பார்த்தால் இரண்டு நாளுக்கு முன் ஈரானின் பந்தர் அப்பாஸில் நின்றிருக்கும். சிவப்பு விளக்கு எரியும். விதி மீறல் இருக்கிறதா என்று பார்க்கும் கம்ப்ளையன்ஸ் பிரிவுக்கு அனுப்புவோம். பேரீச்சையா மருந்தா என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. அனுமதி கொடுத்ததற்காக யாருக்கும் பிரமோஷன் வந்ததில்லை, தவறி விட்டுவிட்டால் மெமோ நிச்சயம். அதனால் "பாலிசிப்படி ஏற்க இயலாது" என்று ஒரு வரி எழுதித் திருப்பிவிடுவார்கள்.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2014இல் பி.என்.பி. பரிபா என்ற பிரெஞ்சு வங்கி சூடான், ஈரான், கியூபா பரிவர்த்தனைகளுக்காக அமெரிக்காவிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டியது கிட்டத்தட்ட 9 பில்லியன் டாலர். உலகத்தில் எந்த வங்கி மேலதிகாரியும் அந்தத் தொகையை மறக்க மாட்டார். 2012இல் ஈரான் எண்ணெய்க்கு நாம் 45 சதவீதத்தை ரூபாயில் கொடுத்தபோது அதற்கு யூகோ வங்கியைத் தேர்ந்தெடுத்ததும் அமெரிக்காவில் அந்த வங்கிக்குப் பெரிதாகத் தொழில் இல்லை என்பதால்தான்.

மணலி_செந்தில்:

மேடம், இது நான் டிவியில் ஒருநாளும் கேட்காத விவரம். காப்பீட்டிலும் இதே கூத்துதான். 2013 வாக்கில், காப்பீட்டுக் கம்பெனிகளுக்கே காப்பீடு தரும் ஐரோப்பிய மறுகாப்பீட்டுக் கம்பெனிகள் கைவிரித்ததும் ஈரான் எண்ணெய் காய்ச்சும் ஆலைக்கே காப்பீடு கிடைக்காது என்ற நிலை வந்தது. வெடித்தால் யார் பொறுப்பு என்று தெரியாமல் ஆலையை ஓட்ட முடியுமா?

ஒரு கேள்வி. 2016 ஜனவரியில் தடை நீங்கியதே, அப்போது உங்கள் மேஜையில் என்ன மாறியது?

எல்சி_லதா:

ஒன்றும் மாறவில்லை என்றே சொல்லலாம். சுற்றறிக்கை வந்தது. ஆனால் டாலரில் ஈரானோடு பரிவர்த்தனை செய்ய அமெரிக்காவின் சொந்தத் தடை அப்படியே இருந்தது, பெரிய வங்கிகள் எதுவும் திரும்பிப் போகவில்லை. "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்றார்கள். பொறுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 2018 மே 8 வந்துவிட்டது, டிரம்ப் வெளியேறினார். பொறுத்தவர்களுக்கெல்லாம் "நல்லவேளை" என்றானது.

நுங்கம்பாக்கம்_நூலகவாசி:

இங்கேதான் முடிச்சு இருக்கிறது என்று நினைக்கிறேன். ஈரான் தன் பக்கத்தைச் செய்தது, முகமை திரும்பத் திரும்ப அதை உறுதி செய்தது. பதிலுக்குக் கிடைத்தது என்ன? ஈரான் ஏர் 100 ஏர்பஸ் விமானம் கேட்டது, வந்து இறங்கியது 3. பிரான்ஸின் டோட்டல் எரிவாயு வயலுக்கு வந்துவிட்டு 2018இல் மூட்டை கட்டியது. ஐரோப்பா "நாங்கள் இருக்கிறோம்" என்று சொல்லி, டாலரைத் தொடாமல் ஈரானோடு வியாபாரம் செய்ய இன்ஸ்டெக்ஸ் என்ற ஒரு ஏற்பாட்டை 2019 ஜனவரியில் அறிவித்தது. முதல் பரிவர்த்தனை 2020 மார்ச்சில், மருத்துவப் பொருள். 2023இல் கடையையே சாத்திவிட்டார்கள்.

2019இல் ஈரான் ஒவ்வொரு வரம்பாகத் தாண்ட ஆரம்பித்தது, 2021 ஏப்ரலில் செறிவூட்டல் 60 சதவீதம். போடுவதை நொடியில் போட முடிகிறது, எடுப்பதை எடுக்க முடியவில்லை. எடுக்க முடியாத தடையை வைத்து யாரிடம் என்ன பேரம் பேசுவது?

குளச்சல்_இப்போ_காசிமேடு:

எங்கள் ஊர்ப் பையன்கள் நிறையப் பேர் ஈரான் விசைப்படகுகளில் தொழில் செய்கிறார்கள். 2020 ஜூலையில் நம் கடற்படைக் கப்பல் ஐ.என்.எஸ். ஜலாஷ்வா பந்தர் அப்பாஸிலிருந்து தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து விட்டதே, அதில் என் மச்சானும் ஒருவன். 2015இல் ஒரு டாலருக்கு 32,000 ரியால் போல இருந்தது, இந்த வருடம் 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அங்கே பிடித்த மீனுக்குப் பங்கு ரியாலில் கிடைத்தால் ஊருக்கு வரும்போது அதில் என்ன மிஞ்சும்? குண்டு செய்கிறவனுக்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்துவிடும். இவன்தான் மாட்டினான்.

வேளச்சேரி_வெட்டிப்பேச்சு:

வருத்தம்தான் அண்ணே. ஆனால் எல்லோரும் தடையைத் திட்டுகிறீர்களே, வேறு வழி என்ன? ஜூனில் அமெரிக்கா குண்டு போட்டது, ஃபோர்டோ, நத்தன்ஸ், இஸ்ஃபஹான் மூன்றிலும். அதுதான் வேண்டுமா? லிபியாவைப் பாருங்கள், 2003 டிசம்பரில் கடாஃபி தன் அணு ஆயுதத் திட்டத்தையே பெட்டி கட்டிக் கொடுத்தாரே, அது தடையின் வெற்றி இல்லையா?

சதுரங்கப்பட்டினம்:

கொடுத்தார். 2011இல் என்ன ஆனார்? ஆட்சியைக் கவிழ்த்துக் கொன்றார்கள். வட கொரியா அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்காட்டுகிறது. 1994இல் அவர்களும் அமெரிக்காவோடு ஒரு உடன்பாடு போட்டார்கள், பதிலுக்குத் தருவதாகச் சொன்ன எரிபொருள் எண்ணெய் தாமதம், உலை தாமதம், அந்தப் பக்கம் ரகசியச் செறிவூட்டல், இரண்டு பக்கமும் திருட்டுத்தனம். 2006 அக்டோபரில் வெடித்துவிட்டார்கள், 2017க்குள் ஆறு சோதனை. அவர்கள் மேல் இல்லாத தடையா?

முடிந்த இடம் கேட்டால் தென்னாப்பிரிக்கா. ஆறு குண்டு செய்து வைத்திருந்தவர்கள் தாங்களே பிரித்துப் போட்டார்கள், 1993 மார்ச்சில் டி கிளர்க் நாடாளுமன்றத்தில் சொன்னார். அங்கே தடை இருந்தது உண்மை, ஆனால் அது நிறவெறிக்கு எதிராக. அங்கோலாவிலிருந்து கியூபப் படை கிளம்பியது, சோவியத் பயம் போனது, ஆட்சி மாறப்போகிறது என்று தெரிந்தது. குண்டு எதற்கு என்ற கேள்விக்கே பதில் இல்லாமல் போய்விட்டது. ஈரானைச் சுற்றி அந்த நிலைமை இருக்கிறதா? ஜூன் குண்டுவீச்சுக்கு அப்புறம் அங்கே "குண்டு இருந்திருந்தால் அடித்திருப்பார்களா" என்று பேசுகிறவன் குரல்தான் ஓங்கும்.

வேளச்சேரி_வெட்டிப்பேச்சு:

சரி சார், ஈரான் சேர்த்து வைத்திருந்த அந்த 440 கிலோ யுரேனியத்துக்கு வாருங்கள். 60 சதவீதச் சரக்கு. அதை என்ன செய்வது?

சதுரங்கப்பட்டினம்:

ஜூன் 13 நிலவரப்படி முகமை மதிப்பிட்டது 440.9 கிலோ. இயற்கை யுரேனியத்தில் வேண்டிய ஐசோடோப் 0.7 சதவீதம்தான். அங்கிருந்து 20 சதவீதம் போவதற்குள்ளேயே குண்டுக்கு வேண்டிய உழைப்பில் பத்தில் ஒன்பது பங்கு முடிந்துவிடும். 60இலிருந்து 90க்குப் போக மிச்சம் கொஞ்சம்தான். இன்னும் செறிவூட்டினால் பத்துக் குண்டு அளவுக்கு வரும், எல்லாம் உருளைகளில் அடைத்த பொருள், லாரியில் ஏற்றிவிடலாம். அடித்தபின் எங்கே இருக்கிறது என்று முகமை ஆய்வாளர்களே நேரில் பார்த்துச் சரிபார்க்கவில்லை. ஆகவே முதலில் எண்ண வேண்டும். எண்ண ஆளை உள்ளே விட வேண்டும். உள்ளே விட ஈரான் என்ன கேட்கும், வாஷிங்டன் என்ன தரும்? அங்கேதான் நின்றுகிடக்கிறது.

நுங்கம்பாக்கம்_நூலகவாசி:

தருவதாகச் சொன்னாலும் யார் நம்புவது? அமெரிக்க செனட்டில் ஒப்பந்தமாக நிறைவேற்ற மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அதாவது 67 பேர். ஒபாமாவுக்கு அது கிடைத்திருக்காது, அதனால் அரசியல் உடன்பாடாக வைத்தார், அடுத்தவர் ஒரு கையெழுத்தில் கிழித்தார். ஈரானின் சாபஹார் துறைமுகத்தை நடத்த அமெரிக்கா நமக்குக் கொடுத்த தடை விலக்குச் சலுகையும் செப்டம்பர் 29ஓடு போச்சு, நாம் 2024 மே மாதம்தான் பத்து வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டோம்.

எல்சி_லதா:

அடுத்த முறை யார் எழுதினாலும் "தடைகள் நீக்கப்படும்" என்று மட்டும் எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள். எந்த வங்கி, எந்த நாணயம், எந்தக் கணக்கு, எவ்வளவு தொகை, திரும்பத் தடை வந்தாலும் அதுவரை கப்பல் ஏறிய சரக்குக்குப் பணம் பட்டுவாடா ஆகுமா, எல்லாம் பெயரோடு எழுத வேண்டும். அமெரிக்க நிதித்துறையிலிருந்து அதற்கு எழுத்து மூலம் உத்தரவாதமும் வேண்டும். அப்படி ஒரு காகிதம் கோப்பில் இருந்தால் கவுண்டரில் இருக்கும் பெண் தைரியமாக முத்திரை குத்துவாள்.

வேளச்சேரி_வெட்டிப்பேச்சு:

மேடம், அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர்தான் 2018இல் கிழித்தவர்.

எல்சி_லதா:

தெரியும் தம்பி. அதனால்தான் தொகையை முன்னாலேயே வேறு நாட்டுக் கணக்கில் கட்டச் சொல்ல வேண்டும் என்கிறேன். 2023இல் தென்கொரியாவில் முடங்கிய பணத்தைக் கத்தாருக்கு மாற்றினார்களே, அது போல. அதையும் எடுக்க விடாமல் வைத்திருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

மண்ணடி_மரைக்காயர்:

அப்போ வர்ற நோன்புக்கும் துபாய்க்காரர்தான்.